யார் காசில் காத்திருப்பது? வேலை, மேற்படிப்பு, வெளிநாடு, அரசுத் தேர்வு: ஓர் ஒப்பீடு

ஏழாவது செமஸ்டர் தேர்வு முடியும் டிசம்பர் மாதத்தில் நம் பொறியியல் கல்லூரி விடுதிகளில் இரண்டு வகை மாணவர்களைப் பார்க்கலாம். ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் எப்போது சேரச் சொல்வார்கள் என்று தெரியாதவர்கள் ஒரு வகை. ஆஃபர் லெட்டரே இல்லாதவர்கள் இன்னொரு வகை. கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவர்கள் நிலையும் ஏறக்குறைய இதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் சித்தப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் கேட்கும் கேள்வி எல்லாருக்கும் ஒன்று: "அடுத்து என்ன?"

இதற்குச் சட்டென்று சொல்லக்கூடிய பதில், "மேலே படிக்கலாம் என்றிருக்கிறேன்" என்பது. கேட்டவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். தமிழ்நாட்டில் இந்தப் பதிலுக்குத் தனி மரியாதை உண்டு. உயர்கல்வி பற்றிய மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பின்படி இங்கே மொத்தச் சேர்க்கை விகிதம் (18 முதல் 23 வயதுள்ளோர் தொகையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை) 47 சதவீதம். இந்திய அளவில் அது 28.4. தெருவுக்கு ஒரு பட்டதாரி இருந்த காலம் போய், வீட்டுக்கு வீடு பட்டதாரி என்றாகிவிட்ட பிறகு, தனித்துத் தெரிய இன்னொரு பட்டம் வேண்டும் என்ற நினைப்பு இயல்பாகவே வந்துவிடுகிறது. அந்த நினைப்பில் எவ்வளவு ஆர்வம், எவ்வளவு பயம் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

வழிகளை ஒப்பிடும்போது "எதில் சம்பளம் அதிகம்?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அது மூன்று, நான்கு ஆண்டு கழித்து வரப்போகும் வேலைச் சந்தையைப் பற்றிய கேள்வி. செயற்கை நுண்ணறிவு எந்த வேலையை விட்டுவைக்கும் என்று நிறுவனத் தலைவர்களே ஆளுக்கொன்று சொல்லும்போது, ஒரு துறைத் தலைவரோ வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சிக்காரரோ அதற்குப் பதில் சொன்னால் நான் நம்பமாட்டேன். இன்றைக்கே பதில் தெரிந்துகொள்ளக்கூடிய கேள்விகள் இரண்டு உண்டு. என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாமல் கழிக்கப்போகும் இரண்டு ஆண்டுகளுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? நினைத்தது நடக்காவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே உள்ள வழிகளைப் பார்க்கிறேன்.

கையில் இருக்கும் வேலை

பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பொறியாளருக்குத் தரும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. இதற்கிடையில் ஓ.எம்.ஆர். பக்கம் அறை வாடகை எங்கேயோ போய்விட்டது. பிடித்தம் போக வங்கிக் கணக்குக்கு வருவது இருபத்தைந்தாயிரத்துக்குள். அதிலும் 2022இல் தேர்வானவர்களில் சிலர் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு வரை காத்திருந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரை, அதாவது தன் ஊழியர்களில் ஏறக்குறைய 2 சதவீதத்தினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, கடைசி ஆண்டு வகுப்புகளில் பாடம் நடத்துவதே சிரமமாகியிருக்கும். அந்த அறிவிப்பு பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலை ஊழியர்களைப் பற்றியது என்பதை வாட்ஸ்அப் செய்திகள் சொல்லவில்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்த வழியை நான் மட்டம் தட்டமாட்டேன். இங்கே காத்திருப்புக்குப் பணம் கட்டுபவர் முதலாளி. தொகை சிறியதுதான், ஆனால் வரவுப் பக்கத்தில் இருக்கிறது. எந்த வேலை பிடிக்கவில்லை என்பதை மாதச் சம்பளத்தோடு கண்டுபிடிக்க வேறு இடம் கிடையாது. பதினெட்டு மாதம் வேலை பார்த்த பிறகு மேற்படிப்புக்குப் போகிறவர் எந்தப் பாடத்தை எடுக்கவேண்டும் என்பதில் தெளிவாக இருப்பார். கையெழுத்துப் போடுமுன் பார்க்கவேண்டியது சேவை ஒப்பந்தத்தை, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பாண்டை. எத்தனை ஆண்டு, விட்டால் எவ்வளவு கட்டவேண்டும், சான்றிதழ்களின் மூலத்தைக் கேட்கிறார்களா? மூலச் சான்றிதழைக் கேட்கும் நிறுவனம் எதுவானாலும் திரும்பி வந்துவிடலாம்.

இங்கேயே மேற்படிப்பு

எம்.இ., எம்.டெக். என்று பொதுவாகப் பேசினாலும் இவை இரண்டு வேறு வழிகள். பொறியியல் மேற்படிப்புக்கான தேசியத் தேர்வான கேட் (GATE) தேர்வில் தகுதி பெற்றுச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. இரண்டு ஆண்டுக்குக் கூட்டினால் கிட்டத்தட்ட மூன்று லட்சம். வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஆய்வகத்திலோ விடைத்தாளிலோ உதவவேண்டும். தொகை சில கல்லூரிகளில் காலம் தாழ்ந்து வருவதுண்டு. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். நெய்வேலி என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணை வைத்து ஆளெடுத்திருக்கின்றன. ஒரே தேர்வு இரண்டு கதவுகளைத் திறக்கிறது, மூன்றாம் ஆண்டு மாணவர்களே எழுதலாம் என்னும்போது, இதை எழுதாமல் விடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை.

இரண்டாவது வழி, கேட் இல்லாமல் தனியார் கல்லூரி ஒன்றில் கட்டணம் கட்டி எம்.இ. சேர்வது. வேலை கிடைக்காததால் சேர்வதுதான் இதில் அதிகம். வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஆய்வகக் கருவி இளநிலையில் பார்த்த அதே கருவி. முடித்த பிறகு வளாகத்துக்கு வரும் நிறுவனங்களும் இளநிலைக்கு வந்த அதே நிறுவனங்கள், அதே சம்பளம். முன்பெல்லாம் இந்தப் பட்டத்தை வைத்துப் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் ஆகிவிடலாம். இன்று அந்தக் கல்லூரிகளே மாணவர் சேர்க்கைக்கு அல்லாடுகின்றன. இந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடிப்படை அறிவியலும் கலைப் பாடங்களும் படித்தவர்களுக்குக் கணக்கு வேறு. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவருக்கு எம்.எஸ்சி. கிட்டத்தட்டக் கட்டாயம், இளநிலையோடு அந்தத் துறையில் நிற்க இடமில்லை. எங்கே படிக்கிறோம் என்பதுதான் முடிவு செய்யவேண்டியது. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு முதுநிலை க்யூட் (CUET) நுழைவுத் தேர்வு என்று வழிகள் இருக்கின்றன. கட்டணம் குறைவு, போட்டி அதிகம். இதைத் தெரியாமலே வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்துவிடும் நல்ல மாணவர்கள் ஏராளம். மூன்றாம் ஆண்டு வகுப்பில் யாரும் சொல்வதில்லை என்பதுதான் காரணம்.

எம்.எஸ்சி.க்கு அப்பால் ஆராய்ச்சி. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆராய்ச்சிக்கும் நடக்கும் தேசியத் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவரைவிட முனைவர் பட்ட மாணவர் அதிகம் வாங்குகிறார் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. ஜே.ஆர்.எஃப். இல்லையென்றால் இந்தப் படம் தலைகீழ். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாதோர்க்கான உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய், மாநிலப் பல்கலைக்கழகங்களில் பலருக்கு அதுவும் இல்லை. தேர்வு நடத்துபவர்களையும் முழுதாக நம்பிவிட முடியாது. 2024 ஜூன் 18 அன்று ஒன்பது லட்சம் பேர் எழுதிய யு.ஜி.சி. நெட் தேர்வு மறுநாளே ரத்தானது.

முனைவர் பட்டம் வாங்கிய பிறகு? அரசு கலைக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிக்கை விட்டது. ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு மறுபடி அறிவிக்கை வந்தது. இடைப்பட்ட காலத்தில் வகுப்புகளை நடத்தியவர்கள் மாதம் 25,000 ரூபாய் பெற்ற கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களில் முனைவர் பட்டமும் நெட் தேர்ச்சியும் உள்ளவர்கள் நிறையப் பேர், நாற்பதைக் கடந்தவர்களும் உண்டு. ஆராய்ச்சியில் உண்மையான பசி இருப்பவருக்கு நான் சொல்வது: உதவித்தொகையோடு கிடைத்தால் போங்கள், இல்லாமல் போகாதீர்கள்.

இங்கே பெண்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது, கல்வி ஆலோசனைக் கூட்டங்களில் அதை யாரும் பேசுவதில்லை. பல வீடுகளில் எம்.எஸ்சி. சேர்வது என்பது வரன் பேச்சை இரண்டு ஆண்டு தள்ளிவைப்பது. அந்த மாணவிக்குப் படிப்பின் சந்தை மதிப்பு இரண்டாம் பட்சம். வகுப்பறை அவளுக்கு அவகாசம் தருகிறது. இதைக் குறைவாக நினைக்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு முடியும்போது கையில் ஒரு வருமானம் இல்லையென்றால் அதே பேச்சு அதே இடத்திலிருந்து தொடங்கும். அதனால்தான் எம்.எஸ்சி.யோடு பி.எட். என்ற சேர்க்கை இங்கே இவ்வளவு பரவலாக இருக்கிறது. முதுநிலை ஆசிரியர் பணிக்கு இரண்டும் வேண்டும், பி.எட். 2015இலிருந்து இரண்டாண்டுப் படிப்பு, ஆக இளநிலைக்குப் பிறகு நான்கு ஆண்டு. உள்ளூரிலேயே கல்லூரி, பள்ளி வேலை என்பதால் வீட்டில் மறுப்பு குறைவு. முதல் எம்.எஸ்சி. ஆண்டிலேயே நெட் தேர்வுக்கும் படிக்கத் தொடங்கும் மாணவிக்கு இந்த நான்கு ஆண்டுத் திட்டத்திலிருந்து விலகிப்போக ஒரு வாசல் இருக்கும்.

வெளிநாடு

பணமும் பயமும் மிகப் பெரிதாக இருப்பது இங்கேதான், ஆகவே சற்று நின்று பார்க்கலாம்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். சீனாவை முந்தி இந்தியா முதலிடத்துக்கு வந்தது அப்போதுதான். இவர்களை இழுப்பது பட்டம் மட்டும் இல்லை. படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்க்கக் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதி. ஓராண்டு எல்லாருக்கும், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மேலும் இரண்டாண்டு. அந்த முதல் ஆண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் தங்கும் தகுதி போய்விடும். அதன் பிறகு, அங்கே வேலையில் தொடர எச்-1பி விசா. ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000 என்ற வரம்புக்குள் வரவேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் வந்தது. நடுவில் அந்த ஒரு மாதம் மகனை அனுப்பிய வீடுகளில் எப்படிக் கழிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் மாறும், கடன் மாறாது.

அந்தக் கடனைப் பார்ப்போம். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை ஜாமீன் இல்லை. கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்தை அடமானம் வைக்கவேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் 15 சதவீதம் நம் கைப்பணம். கிளைக்குப் போனால் தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், வங்கி வழக்கறிஞரின் கருத்து, மதிப்பீட்டாளரின் அறிக்கை என்று வரிசையாகக் கேட்பார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பதும், கையெழுத்துப் போடவேண்டிய அத்தை பதினைந்து வருடமாகப் பேசாமல் இருப்பதும் அப்போதுதான் தெரியவரும். இந்தச் சிக்கலுக்குப் பயந்து, சொத்து கேட்காத தனியார் நிதி நிறுவனங்களிடம் கூடுதல் வட்டிக்குப் போகிறவர்கள் உண்டு.

40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்தாண்டில் திருப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலத்து வட்டியை அப்பா மாதாமாதம் கட்டிவந்தால், பிறகு வரும் தவணை சுமார் 55,000 ரூபாய். கட்டாமல் விட்டு, அசலோடு சேர்ந்து அது 50 லட்சம் ஆகிவிட்டால் தவணை சுமார் 69,000. அமெரிக்காவில் வேலை கிடைத்தவருக்கு இது எண்ணூறு டாலர் அளவுதான், சமாளித்துவிடலாம். வேலை கிடைக்காமல் திரும்பி, சென்னையில் மாதம் அறுபதாயிரத்துக்கு வேலை பார்ப்பவருக்கு முழுச் சம்பளமும் போதாது. ஒரே கடன்தான், எந்த ஊரிலிருந்து கட்டுகிறோம் என்பதில் வாழ்க்கையே மாறிவிடுகிறது. கன்சல்டன்சியில் காட்டும் கணக்கில் முதல் நிலை மட்டும் இருக்கும். இரண்டாவது நிலையைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பேச்சு கல்லூரித் தரவரிசைக்கு மாறிவிடும்.

ஜெர்மனி இதைவிடக் கனம் குறைந்த வழி. பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இலிருந்து கட்டணம் வாங்குகிறது. முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ, தோராயமாகப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் காட்டவேண்டும். மாதம் 992 யூரோவாக அது உங்களுக்கே திரும்பி வரும். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் முன்கூட்டியே வாங்கவேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம். சிக்கல் மொழியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பாடம் படித்துவிடலாம், ஆனால் ஸ்டுட்கார்ட் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பேசவேண்டியது ஜெர்மன். பி1 எனும் இடைநிலை அளவுக்கு மொழியை இங்கிருக்கும்போதே கற்க ஓராண்டு ஒதுக்க முடியாதவர் போய்ச் சிரமப்படுவார். பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைக்கு என் ஆதரவு இல்லை: கட்டணம் அதிகம், படிப்புக்குப் பிறகு தங்கும் இரண்டாண்டு அனுமதியும் 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதமாகிறது.

வீடு ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் வைக்கவேண்டும் என்றால் அமெரிக்கா வேண்டாம் என்றே சொல்வேன். திரும்பி வந்தாலும் அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் இந்தியச் சம்பளத்தில் தவணை அடங்கும் என்றால் போகலாம். இதில் தைரியம், கோழைத்தனம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

அரசுத் தேர்வு

2024இல் குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கையில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். பின்னர் இடங்களைக் கூட்டினார்கள் என்றாலும், தொடக்கக் கணக்கில் ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அந்தத் தேர்வை எழுதியவர்களில் பொறியாளர்களும் முதுநிலைப் பட்டதாரிகளும் இருந்தார்கள். 19,500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கும் வேலைக்கு இவ்வளவு கூட்டம் ஏன் என்று கேட்பவர், தனியார் துறையில் நாற்பத்தைந்து வயதில் வேலையிழந்தவர் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்க்கவேண்டும். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காதவரின் மற்ற விடைகளைத் திருத்துவதில்லை என்பதால், ஆங்கில வழியில் படித்து வந்த பொறியாளர்கள் முதலில் பயிற்சி எடுக்கவேண்டியது அதற்குத்தான்.

இந்த வழியில் காத்திருப்புக்குப் பணம் கட்டுபவர் அப்பா. விதிவிலக்கு உண்டு: நான் முதல்வன் திட்டத்தில் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தேர்வாகும் ஆயிரம் பேருக்குப் பத்து மாதம் மாதந்தோறும் 7,500 ரூபாய் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு வாசகசாலை, விடுதி, பயிற்சி மையம் எல்லாம் கைக்காசு. நடுவில் விட்டால் மிஞ்சுவது என்ன என்ற இரண்டாவது கேள்விக்கு இங்கே பதில் கசப்பானது. எம்.டெக்.கை விட்டவருக்குக் கொஞ்சம் பாடமாவது தெரியும்; நான்கு ஆண்டு படித்துக் கட் ஆஃப் மதிப்பெண்ணில் ஒன்றரைக் கேள்வியில் தவறியவரின் விவரக் குறிப்பில் அந்த நான்கு ஆண்டும் வெற்றிடம். அதனால் வேலையில் இருந்துகொண்டே படிப்பது அல்லது ஒரு தேதியை முன்கூட்டியே வீட்டில் எல்லார் முன்னிலையிலும் சொல்லி வைப்பது, இரண்டில் ஒன்று வேண்டும்.

எம்.பி.ஏ. பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன கேட் (GATE) தேர்வோடு ஒலியில் குழம்பும் ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் இருபது லட்சக் கட்டணத்துக்கும் கடன் வாங்கலாம். மாநில நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி நல்ல அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் சரி. இரண்டும் இல்லாத எம்.பி.ஏ., மேலே சொன்ன தனியார் எம்.இ.யின் கோட் சூட் போட்ட வடிவம்.

யாருக்கு எது

ஆஃபர் லெட்டர் கையில் இருப்பவர் அதை ஏற்றுக்கொண்டு பிப்ரவரியில் கேட் எழுதட்டும். சேரச் சொன்னால் சேரலாம்; சொல்லாமல் இழுத்தடித்தால் மதிப்பெண் இருக்கிறது, அது மூன்று ஆண்டு செல்லும். ஒரு பாடத்தின் மேல் பித்து இருப்பவர் ஜாம், நெட், ஜே.ஆர்.எஃப். பக்கம் போகட்டும். உதவித்தொகை தரும் இடத்துக்குக் குழப்பத்தோடும் போகலாம், குழப்பம் தெளிவதற்கு அங்கே சம்பளம் கிடைக்கிறது. கடன் வாங்கிப் போகும் இடத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்துதான் போகவேண்டும்.

ஆஃபர் லெட்டரும் இல்லை, கேட் மதிப்பெண்ணும் இல்லை, அடகு வைக்கப் பத்திரமும் இல்லை என்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். தனியார் எம்.இ.க்குப் பணம் கட்டுமுன் அவர்கள் தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலக இணையதளத்தைப் பார்க்கவேண்டும். திருச்சி பி.எச்.இ.எல்., என்.எல்.சி. போன்ற நிறுவனங்கள் பட்டதாரிப் பழகுநர்களை ஓராண்டுக்கு எடுக்கின்றன. மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை, முடிவில் அரசுச் சான்றிதழ். நிரந்தர வேலை உத்தரவாதம் கிடையாது. ஓராண்டு ஆலைக்குள் நின்றவர் என்ற அடையாளம் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நேர்முகத் தேர்வில் எடுபடும், மாலை நேரத்தில் கேட் தேர்வுக்குப் படிக்கவும் முடியும். இதற்கான அறிவிப்புகள் ஒரே மாதத்தில் மொத்தமாக வராது, ஆண்டு முழுவதும் ஆங்காங்கே வரும் என்பதால் இறுதித் தேர்வு முடிவுகள் வரும்வரை காத்திராமல் இப்போதே பதிவு செய்துவிடலாம்.